எச்சக்காரர் செய்த தானம்

சென்ற நவம்பர் இருபத்தைந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். சேலத்தில் தூறல். மருத்துவமனையின் மூன்றாம் மாடி ஜன்னலில் ஏற்காடு மலை தெரிய வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. நான் கட்டிலில் கிடந்தேன். கட்டிலிலிருந்து பதினோரு அடியில் ஒரு கழிப்பறைக் கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அவர் செய்ய வேண்டியதை எட்டரை மணிக்குள் செய்து முடித்தால்தான் நான் பிழைக்க வழி உண்டு.

உள்ளே இருந்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கழிவு என்ற ஒன்றை அவரளவுக்கு மரியாதையோடு பார்த்த மனிதர் இந்தப் பூமியில் பிறந்ததில்லை. இனிப் பிறக்கப் போவதும் இல்லை. ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் எச்சக்காரர்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முட்டைப் பண்ணையில் நான் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதினேன். ஒரு அட்டைக்கு முப்பது முட்டை என்று எண்ணிப் பழகி, கல்யாண மண்டபத்தில் ஆட்களைக்கூட முப்பது முப்பதாகத்தான் இன்றும் எண்ணுவேன். அவர் அங்கே ஷெட் சூப்பர்வைசர். மற்ற பண்ணைகளில் சூப்பர்வைசர் என்றால் காலையில் வந்ததும் கோழியைப் பார்ப்பார், தீவனத்தைப் பார்ப்பார், முட்டையைப் பார்ப்பார். இவர் குனிந்து கூண்டுக்குக் கீழே பார்ப்பார். கையில் டார்ச். எச்சத்தின் நிறம் என்ன, தண்ணீர் எவ்வளவு, மேலே சிறுநீர் உப்பு வெள்ளைத் தொப்பி போலச் சரியாக விழுந்திருக்கிறதா? ஒரு ஷெட்டுக்கு எட்டாயிரம் கோழி. அத்தனையின் கீழேயும் அவர் டார்ச் போகும். "மூஞ்சி பொய் சொல்லுமுங்க. இது சொல்லாதுங்க" என்பார்.

அவர் எப்போதும் சரியாகச் சொன்னார் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. ஒருநாள் விடியற்காலையில் "ரத்தக் கழிச்சலுங்க! ஷெட்டே போச்சுங்க!" என்று கத்திக்கொண்டு என் அறைக்கு ஓடி வந்தார். முதலாளி செருப்பில்லாமல் ஓடினார். நாமக்கல்லிலிருந்து கால்நடை டாக்டர் பறந்து வந்தார். டாக்டர் குனிந்தார், பார்த்தார், முகர்ந்தார், நிமிர்ந்தார்.

"ராத்திரி வாட்ச்மேன் வெத்தல போடுவாருங்களா?" என்றார்.

போடுவார். கூண்டுக்கு நடுவே நின்று துப்பவும் செய்வார். அன்று டாக்டருக்குக் கொடுத்த ஐந்நூறு ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நான் ஒரு மணி நேரம் யோசித்தேன். எச்சக்காரர் கொஞ்சமும் கலங்கவில்லை. "துப்புனதுலயும் ஒண்ணு தெரியுதுங்க. வாட்ச்மேனுக்கு வவுறு சரியில்லீங்க" என்றார்.

கோழியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனிதர்களையும் அவர் விடவில்லை. எங்கள் பக்கம் ஒருவரைக் கண்டால் "சாப்டீங்களா?" என்று கேட்போம். அவர் "ஆச்சுங்களா?" என்று கேட்பார். என்ன ஆச்சா என்று புதிதாக வந்தவர்கள் திகைப்பார்கள். பழையவர்கள் குனிந்த தலையோடு "ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பார்கள். லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர், கரண்ட் பில் கணக்கெடுக்க வந்தவர், முதலாளியின் சம்பந்தி, எல்லோருக்கும் ஒரே கேள்வி.

அவருடைய அக்கா மகளுக்கு இளம்பிள்ளையிலிருந்து ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். சொந்தத்தில் தறி, மாடி வீடு, பையனும் பார்க்க லட்சணம். பெண் வீட்டார் போய்க் காபி குடித்துத் தட்டை மாற்றும் பேச்சு வரை வந்துவிட்டார்கள். எச்சக்காரர் எழுந்து, "இது வேண்டாமுங்க" என்றார்.

"ஏனுங்க?"

"மாப்பிள்ள உள்ள போய் இருவத்தெட்டு நிமிசம் ஆச்சுங்க. இன்னும் வரலீங்க."

அந்த வரன் அன்றோடு முறிந்தது. அக்கா வீட்டில் அவருக்கு மூன்று தீபாவளி அழைப்பு இல்லை.

எனக்கும் அவருக்கும் பேச்சு நின்றதற்குக் காரணம் தயிர். குஞ்சுகள் புதிதாக வந்து இறங்கிய ஒரு நாள் அவர் நாற்பது லிட்டர் தயிருக்கு வவுச்சர் கொண்டுவந்தார்.

"யாருக்கு விருந்து?" என்றேன்.

"குஞ்சுக்குங்க அய்யா. தண்ணியில கலந்து குடுக்கோணும். இதெல்லாம் மெஷின்ல பொரிச்சதுங்க. தாய்க்கோழி காலடியில கெடந்து கொத்தித் தின்னிருந்தா, வவுத்துக்கு வேண்டிய நல்ல பூச்சியெல்லாம் தானாப் போய்ச் சேந்திருக்கும். இது வெறும் வவுத்தோட வந்திருக்குதுங்க. காலி ஊட்ல எவன் வேணாலும் பூந்துக்குவானுங்க."

"வெறும் வயித்துக்குத் தீவனம் போடு. தயிருக்கெல்லாம் இந்தப் பண்ணையில் தலைப்புக் கிடையாது."

முதலாளி என் பக்கம் நின்றார். எச்சக்காரர் வவுச்சரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து என்னை மட்டும் "ஆச்சுங்களா" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். நியாயமாக எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் அறையைத் தாண்டிப் போய் அடுத்த அறையில் இருந்த டைப்பிஸ்ட்டை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பும்போது, என்னை யாரோ பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி இருக்கும். பத்து வருடம் அப்படியே ஓடியது. நடுவில் நான் ஓய்வு பெற்றேன். ஷெட்டில் கேமரா வைத்தபோது அவரும் வேலையை விட்டுவிட்டுப் பண்ணை வேலிக்குப் பக்கத்திலேயே இருந்த தன் வீட்டோடு இருந்துகொண்டார்.

இனி என் வயிற்றின் கதை.

பண்ணை நடைமுறை ஒன்று உண்டு. எட்டாயிரத்தில் ஒரு கோழி தும்மினால் ஷெட் முழுவதற்கும் தண்ணீரில் மருந்து போய்விடும். ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்க யாரால் முடியும்? முப்பத்தொரு வருடம் அந்த மருந்து பில்லை எழுதிய நான், வீட்டிலும் அதையே சட்டமாக வைத்திருந்தேன். என் மனைவி சரோஜா ஒரு தும்மல் போட்டால் இருவரும் ஐந்து நாள் மாத்திரை. எனக்குப் பல் வலித்தால் இருவரும் ஐந்து நாள். மருந்துக் கடைக்காரருக்கு என் தலை தெரிந்ததுமே கை அலமாரிக்குப் போகும். சென்ற வருடம் சித்திரையிலிருந்து ஆடிக்குள் மட்டும் ஆறு முறை. எல்லாம் கிருமியைக் கொல்லும் மாத்திரை. கிருமி சாகிறது என்றால் நல்லதுதானே என்று எண்ணினேன்.

ஆவணியில் ஆரம்பித்தது. முதல் நாள் ஒன்பது தடவை. மூன்றாம் நாள் பதினான்கு. எண்ணாமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. காய்ச்சல், வயிற்றை முறுக்கும் வலி, தண்ணீராகப் போவது. சேலத்துக் குடல் டாக்டரிடம் சேர்த்தார்கள். ஆத்தூர்ப் பக்கத்து இளைஞர். என் மகனை விட வயது குறைவு. அவர் கொடுத்த மருந்தில் பத்தாம் நாள் நின்றது. வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள் திரும்ப வந்தது. மறுபடி மருந்து, மறுபடி நின்றது, மறுபடி வந்தது. மூன்றாவது முறை வந்தபோது அறுபத்து மூன்று கிலோ இருந்த நான் நாற்பத்தொன்பது. கண்ணாடியில் பார்த்தால் சட்டை மட்டும் நிற்பது போல் இருந்தது. ஒருநாள் சரோஜா அடுப்படியில் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, நான் பார்க்காதது போல் மறுபடி கழிப்பறைக்கே போய்விட்டேன்.

டாக்டர் நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்து பேசினால் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரியும்.

"சார், உங்க குடலுக்குள்ள எண்ண முடியாத அளவுக்குக் கிருமி குடியிருக்கு. பெரும்பாலும் நல்லதுதான். சாப்பாட்டைச் செரிக்க உதவும், சத்து பண்ணும், கெட்டதை உள்ள விடாம காவல் காக்கும். நீங்க மாத்திரை போட்டுப் போட்டு அந்தக் காவல்காரங்களை எல்லாம் காலி பண்ணிட்டீங்க. காலி இடத்துல ஒரு பொல்லாத கிருமி குடி வந்திருச்சு. மருந்து குடுத்தா படுத்துக்குது, நிறுத்தினா எழுந்துக்குது."

காலி வீட்டில் எவனும் புகுவான் என்று யாரோ சொன்னது காதில் கேட்டது. கேட்காதது போல் இருந்தேன்.

"அப்ப என்ன பண்றது?"

"நல்ல ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்தை எடுத்து, கரைச்சு வடிகட்டி, குழாய் வழியா உங்க குடல்ல விடணும். அதுல இருக்கிற நல்ல கிருமி உள்ள போய் மறுபடி குடியேறும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சரோஜாதான் சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் முறை. "உங்களுக்கு அடுத்த ஊட்டுக் காபித் தம்ளரே ஆகாது!" என்றாள்.

"இதைச் செய்யாட்டி?" என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடித் திறந்து மூடினார். அது எனக்குப் போதுமான பதிலாக இருந்தது.

ரத்தம் வேண்டும் என்றால் ஊரே வரிசையில் நிற்கும். இதை எப்படிக் கேட்பது? பெங்களூரில் இருக்கும் மகன் உடனே வந்தான். அதற்கு முந்தின மாதம்தான் தொண்டை வலிக்கு மாத்திரை தின்றிருந்தான், ஆகாது என்றார் டாக்டர். சரோஜா ஆகவே ஆகாது. என்னோடு சேர்ந்து தின்ற ஆறு கோர்ஸ் அவளுக்குள்ளும் இருந்தது. எதையும் தாங்கும் வயிறு என்பதால் அவள் மட்டும் படுக்கவில்லை. உறவினர்களுக்குப் போன் போட்டேன். அயோத்தியாப்பட்டணத்து மைத்துனன், "எதுக்குங்க மாமா? சரியாக் கேக்கல, திரும்பச் சொல்லுங்க" என்று மூன்று தடவை சொல்ல வைத்துவிட்டு, நான்காம் தடவை லைனைத் துண்டித்தான். சித்தப்பா பேரன் ஒருவன் சம்மதித்தான். பரிசோதனையில் அவன் குடலிலேயே புழு. இன்னொருவன் எவ்வளவு தருவீர்கள் என்று விலை பேசினான்.

"எச்சக்காரர்கிட்டக் கேக்கலாமுங்க" என்றாள் சரோஜா.

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

"அது சரி. செத்ததுக்கப்புறம் எப்புடிக் கேப்பீங்க?"

அவள் எனக்குத் தெரியாமல் போன் செய்தாள். நாற்பது நிமிடத்தில் எங்கள் வீட்டு வாசலில் மொபெட் சத்தம். பத்து வருடம் பேசாமல் இருந்துவிட்டு என் எதிரில் வந்து நின்ற மனிதர் நலம் விசாரிக்கவில்லை, பழசைப் பேசவில்லை. கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"எத்தன தடவைங்க?"

"பதிமூணு."

"கலரு?"

சொன்னேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு சரோஜாவிடம் திரும்பி, "எம்படது எடுத்துக்கச் சொல்லுங்கக்கா. கம்பஞ்சோறு, மோரு, கீரை. காச்சலுக்குக்கூட மாத்திர போட்டதில்லீங்க. இந்த ஜில்லாவுல இதை விடச் சுத்தமா வேற எங்கயும் கெடைக்காது" என்றார். நெய் வியாபாரி போலச் சொன்னார்.

டாக்டரின் கேள்விகள் மூன்று பக்கம் இருந்தன. வயது ஐம்பத்தேழு என்றதும் டாக்டர் புருவத்தைத் தூக்கினார். இளம் வயதாக இருந்தால் நல்லது, ஆனாலும் சோதனை சுத்தமாக வந்தால் பார்க்கலாம் என்றார். கோழிப் பண்ணை என்றதும் பேனா நின்றது. ஷெட்டுக்குள் போய் எத்தனை வருடம் ஆகிறது என்று இரண்டு முறை கேட்டு, நாலு வருடம் என்று தெரிந்த பிறகுதான் நகர்ந்தது. பச்சை குத்தியிருக்கிறீர்களா, வெளிநாடு போயிருக்கிறீர்களா என்றதற்கெல்லாம் எச்சக்காரர் இல்லை என்று உற்சாகமாகத் தலையாட்டினார். ரத்தம் எடுத்து, மல மாதிரியும் வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் முகம் மாறியது.

"முடிவு எப்பங்க வரும்?"

"அஞ்சு நாள் ஆகும்."

அந்த ஐந்து நாளும் நான் பயந்தேன் என்றால், அவர் அதைவிடப் பயந்தார். வாழ்நாள் முழுவதும் ஊரார் வயிற்றுக்கு மார்க் போட்டவர். இப்போது அவருக்கே பரீட்சை. தினமும் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏதாச்சும் பூச்சி கீச்சி இருந்துட்டா ஊருக்குள்ள எப்புடிங்க தல நிமுந்து நடப்பேன்?" என்பார். எனக்குத் தைரியம் சொல்ல வந்தவருக்கு நான் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் டாக்டர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "எல்லாமே நல்லாயிருக்கு. இவ்வளவு நல்லா நான் பார்த்தது ரொம்பக் குறைவு" என்றார்.

"எத்தன மார்க்குங்க?" என்றார் எச்சக்காரர்.

"மார்க் எல்லாம் இல்லைங்க. பாஸ்."

எச்சக்காரர் மேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மருத்துவமனை வராந்தாவில் அவர் நடந்த நடையைப் பார்த்து ஒரு வார்டு பாய் சல்யூட் வைத்தான்.

நாள் குறித்தார்கள். நிபந்தனைகள் கடுமை. மாதிரியை வீட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது. மருத்துவமனையிலேயே, நர்ஸ் வெளியே நிற்கக் கொடுக்க வேண்டும். ("மாத்தியா கொண்டாரப் போறேன்?" என்று இவருக்கு அதில் பெரிய மனத்தாங்கல்.) எட்டரைக்குள் கிடைத்தால்தான் லேபில் பரிசோதித்து, கரைத்து, பதினோரு மணிக்கு என் குடலுக்குள் விட முடியும். குழாய் விடும் டாக்டர் கோவையிலிருந்து வருபவர், பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடுவார். தவறினால் அடுத்த செவ்வாய். பழைய மருந்தை இரண்டு நாளாக நிறுத்திவிட்டிருந்தார்கள். இன்னொரு வாரம் என் உடம்பு தாங்காது என்பதை எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்துகொண்டேன். அதற்கும் மேலே, குடலைச் சுத்தம் செய்ய முந்தின நாள் எனக்குப் பேதி மருந்து வேறு கொடுத்தார்கள். பதிமூன்று தடவை போகிறவனுக்குப் பேதி மருந்து! கடலில் தண்ணீர் ஊற்றுவதற்கும் பில் போட்டார்கள்.

ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை. ஆறு பன்னிரண்டு. எச்சக்காரர் உள்ளே போய் ஏழு நிமிடம் ஆகியிருந்தது. "நா உள்ள போனா ரெண்டு நிமிசமுங்க. நாப்பது வருசமா ஒருநாளும் தவறுனதில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

ஆறு முப்பது. சத்தம் இல்லை.

ஆறு ஐம்பதுக்குக் கதவு திறந்தது. தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார். கையில் டப்பா. காலி.

"வரலீங்க" என்றார்.

நர்ஸ் பெண் வெந்நீர் கொடுத்தாள். சரோஜா இரண்டு பூவன் பழம் கொடுத்தாள். காபி வந்தது. மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னார்கள். தரைத்தளம் வரை மூன்று முறை இறங்கி ஏறினார். ஏழு இருபதுக்கு மறுபடி உள்ளே. ஏழு நாற்பதுக்கு மறுபடி வெளியே. காலி டப்பா.

"கக்கூசு புடிக்கலீங்களா? நாற்காலி மாதிரி இருக்குதே, அதனாலயா?" என்று சரோஜா கேட்டாள்.

"அதெல்லாம் இல்லக்கா. நேத்தே பாத்து வெச்சுட்டேன்." அவர் காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டாயிரம் கோழிய வரிசையாப் பாத்தவனுங்க நானு. இன்னைக்கு ஒருத்தருக்கு வேணும்கறப்ப, எம்பட ஒடம்பு என்னைய ஏமாத்துதுங்க."

டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மணி. மகன் வராந்தாவில் யாருடனோ அடுத்த செவ்வாயைப் பற்றிப் போனில் பேசுவது கேட்டது. தன் அம்மாவுக்குக் கேட்காமல் இருக்கத் தாழ்ந்த குரலில் பேசினான்.

எட்டு ஐந்துக்கு எச்சக்காரர் மூன்றாம் முறை உள்ளே போனார். சரோஜா கதவருகே போய் நின்றாள்.

"தம்பி, உங்கூட்டுல எப்புடி? அங்க போறப்ப என்ன பண்ணுவீங்க?"

உள்ளிருந்து மெதுவாக, "அங்க சத்தம் இருக்குமுங்கக்கா."

"என்ன சத்தம்?"

"ஷெட்டு சத்தமுங்க. காலைல தீவன வண்டியத் தள்ளிட்டு வந்தாங்கன்னா, சக்கரம் கேட்டதும் எட்டாயிரமும் ஒரே நேரத்துல கத்தும் பாருங்க. நாப்பது வருசம் அதக் கேட்டுத்தானுங்க… இங்க ஒரே அமைதி. சாவு ஊடு மாதிரி."

சரோஜா ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. பண்ணைக்குப் போன் போட்டாள். இப்போதைய சூப்பர்வைசர் முருகேசு எடுத்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"தீவன வண்டியத் தள்ளுங்க தம்பி. இப்பவே."

"ஏனுங்கம்மா, காலைத் தீவனம் ஆறு மணிக்கே போட்டாச்சுங்க. மறுபடி போட்டா கணக்கு இடிக்குமுங்க. கிராம் கணக்குங்க, மொதலாளி கொன்னே போடுவாரு."

கட்டிலில் கிடந்த நான் எழுந்து உட்கார்ந்தேன். எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை.

"முருகேசு, கணக்கர் பேசறேன். வண்டியில் ஒண்ணும் போடாதே. வெறும் வண்டியைத் தள்ளு!"

"வெறும் வண்டிங்களா? கோழிய ஏமாத்தறதுங்களா?"

"ஏமாத்து!"

சரோஜா செல்போனைக் கழிப்பறைக் கதவோடு ஒட்டிப் பிடித்தாள். முதலில் முருகேசுவின் செருப்புச் சத்தம். பிறகு இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் கிறீச்சிட்டது. ஒரு நொடி. பிறகு எட்டாயிரம் கோழியும் ஒன்றாகக் கத்தின.

சேலத்து மருத்துவமனை அதுவரை அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது. மூன்றாம் மாடியே அதிர்ந்தது. எதிர் அறைக் கிழவர் ஒருவர் சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். "ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குள்ள கோழிய விட்டுட்டாங்களா?" தலைமை நர்ஸ் ஓடி வந்து, "போனை அணைங்க! பேஷண்ட் எல்லாம் இருக்காங்க!" என்றார். சரோஜா அணைக்கவில்லை. "நீங்க சித்த சும்மா இருங்கம்மா" என்றாள். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருடத்தில் அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டது இரண்டே முறை.

முருகேசு கோடிவரை தள்ளி, திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்தார். எட்டு பதினெட்டு. எட்டு இருபது. நான் என் நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன்; நூற்றுப் பதினாறு வரை வந்து எண்ணிக்கை தவறிவிட்டது.

எட்டு இருபத்து மூன்றுக்கு உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. எச்சக்காரர் இரண்டு கையாலும் டப்பாவை ஏந்தியபடி, பூசாரி தீர்த்தச் செம்பைத் தூக்கி வருவதுபோல் வந்தார். நர்ஸ் பெண்ணிடம் கொடுத்தார்.

"பதமா எடுத்துட்டுப் போ சாமி. சிந்திறாத" என்றார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பதினொன்று பத்துக்கு எனக்கு மயக்க ஊசி போட்டார்கள். அடுத்து என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

அன்று மாலை வரை நான்கு தடவை. மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் காலை ஒரு தடவை. ஒன்றே ஒன்று. எழுபத்தொரு வயதில் அப்படி ஒரு காலைக்காக நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். கதவைத் திறந்தால் எச்சக்காரர் கையில் டார்ச்சோடு நின்றார்.

"தண்ணி ஊத்தாதீங்க. பாக்கோணும்."

"நீ வெளிய போ."

"ஏனுங்க அய்யா, உள்ள இருக்கறது பாதி எம்படது. எனக்கு உரிமை இல்லீங்களா?"

சட்டப்படி அவர் கேட்டது சரி. விலகி நின்றேன். அவர் குனிந்தார். டார்ச் நெடுநேரம் எரிந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு, நிமிராமலேயே, "குடியேறிட்டாங்க" என்றார்.

இப்போது மாதங்கள் ஆகின்றன. அது திரும்ப வரவில்லை. எடை அறுபதைத் தொட்டுவிட்டது. மாத்திரைக் கடைப் பக்கம் டாக்டர் சீட்டு இல்லாமல் போவதில்லை. சரோஜா தும்மினால் அவள் பாட்டுக்குத் தும்மிக்கொள்கிறாள். எச்சக்காரர் காலையில் மொபெட்டை வாசலில் நிறுத்தி, இறங்காமலேயே, "ஆச்சுங்களா?" என்று குரல் கொடுப்பார். "ஆச்சு" என்று தெருவே கேட்கச் சொல்கிறேன்.

அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சரோஜா நச்சரித்தாள். வேட்டி சட்டை வாங்கிப் போனோம், வாங்க மறுத்தார். பணம் என்றதும் மொபெட்டை ஸ்டார்ட் செய்துவிட்டார். கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். டாக்டர் சொன்னாரே, இவ்வளவு நன்றாகப் பார்த்தது குறைவு என்று, அந்தப் பரிசோதனைக் காகிதத்தின் நகல் ஒன்று வேண்டும். சுவரில் மாட்ட வேண்டும்.

நகல் வாங்கி நாமக்கல்லில் கண்ணாடி ஃப்ரேம் போடும் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"என்னங்க இது, பட்டமுங்களா?"

"ஆமாங்க. அகலமான ஃப்ரேமாப் போடுங்க. தங்கக் கலர்."

இந்த விவகாரத்தில் மருத்துவமனைக்குக் கட்டியது ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். ரசீதுகளைச் சரிபார்த்து, தவறாகச் சேர்த்திருந்த எழுநூற்று எண்பதைச் சண்டை போட்டுத் திரும்ப வாங்கினேன். ஃப்ரேமுக்குக் கடைக்காரர் அறுநூற்று ஐம்பது கேட்டார். நான் பேரம் பேசவில்லை.